ஆஃப்சைடு கோட்டிலேயே குடியிருந்தவர்

இத்தாலியக் கால்பந்து ஸ்ட்ரைக்கர் பிலிப்போ இன்சாகிக்குப் பந்து விளையாடவே தெரியாது என்று சொல்பவர்களோடு நான் இப்போதெல்லாம் சண்டைக்குப் போவதில்லை. அவர்கள் சொல்வதில் பாதி உண்மைதானே. நாலு பேரை ஏமாற்றிவிட்டுப் பந்தை உருட்டிக்கொண்டு போகிற வித்தை அவரிடம் கிடையாது. தூரத்திலிருந்து இடி மாதிரி அடித்து வலையை ஆட்டிய கோல் என்று தேடினால் வெகுநேரம் தேட வேண்டும். பந்தைக் காலில் வாங்கி நிறுத்துவதே சில நாள் அவருக்குச் சிரமமாக இருக்கும், முழங்காலில் பட்டு எங்கேயோ போகும். டச்சு மேதை கிரைஃப் சொன்னதாகவும் மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளராக இருந்த ஃபெர்குசன் சொன்னதாகவும் இரண்டு கிண்டல் வாசகங்கள் இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, அவற்றை இங்கே எடுத்துப் போடப் போவதில்லை. இன்சாகியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத எனக்கு இடம் கிடைத்தது.

மீதிப் பாதியைச் சொல்கிறேன். இத்தாலியின் முதல் பிரிவான சீரி ஆவில் 156 கோல். ஐரோப்பியக் கிளப் போட்டிகளில் 70. தேசிய அணிக்கு 57 ஆட்டங்களில் 25. ஏசி மிலன் கிளப்புக்கு மட்டும் 300 ஆட்டங்களில் 126, அதுவும் பாதி வருடம் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளுக்கு. தொண்ணூறுகளின் இத்தாலியில் கோல் அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்கள் இந்த எண்களை இரண்டாம் தடவை படிப்பார்கள். மால்டினி, நெஸ்தா, கன்னவாரோ, துராம் எல்லாரும் ஒரே லீகில் தடுப்பில் நின்ற காலம் அது.

அப்படியானால் பந்து விளையாடத் தெரியாத ஒருவர் இத்தனை கோலை எப்படி அடித்தார்? அதிர்ஷ்டம் என்றால் இருபது வருடம் யாருக்கும் கூடவே வராது. தந்திரம் என்றும் சொல்லலாம், ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொள்வது சோம்பேறித்தனம். நான் பார்த்தவரை அவர் செய்த வேலையில் முக்கால்வாசி டிவியில் தெரியவே தெரியாது. கேமரா பந்தின் பின்னால் போகும், இன்சாகி பந்திலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி, ஒரு டிஃபென்டரின் முதுகுக்குப் பின்னால் ஏதோ செய்துகொண்டிருப்பார். கோல் விழுந்த பிறகுதான் நமக்கு அவர் முகம் தெரியும். நல்ல ஸ்ட்ரைக்கரைச் சொல்லும்போது உறுமீனுக்காகக் காத்திருக்கிற கொக்கு என்று எழுதிவிடுவது நமக்கு வழக்கம். இன்சாகிக்கு அது பொருந்தாது. கொக்கு அசையாது, இந்த மனிதர் ஒரு நிமிடம் நிற்கமாட்டார்.

அவர் ஓடுவதை முழு மைதானமும் தெரிகிற கோணத்தில் பார்த்தால் புரியும். பந்து நம் அணியின் பாதியில் இருக்கும்போது இன்சாகி பெரும்பாலும் ஆஃப்சைடில் இருப்பார், தெரிந்தே, டிஃபென்டர்களைத் தாண்டி அவர்கள் கோல் பக்கமாக இரண்டு மூன்று மீட்டர் உள்ளே. அங்கே நிற்பது தப்பில்லை, பந்து அடிக்கப்படுகிற நொடியில் அங்கே நின்று ஆட்டத்தில் பங்கெடுத்தால்தான் தப்பு. இப்போது அந்த டிஃபென்டரின் நிலையை யோசித்துப் பாருங்கள். பந்து முன்னால், ஆள் பின்னால். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. ஆளைப் பார்க்கத் திரும்பினால் பந்து எப்போது அடிக்கப்பட்டது என்று தெரியாது, பந்தைப் பார்த்தால் ஆள் எங்கே என்று தெரியாது. அவர் தலை பந்துப் பக்கம் திரும்புகிற கணத்தில் இன்சாகி பின்னாலிருந்து, கடைசி டிஃபென்டர் நிற்கிற கோட்டுக்குத் திரும்பி வந்து, கோட்டை ஒட்டியே பக்கவாட்டில் ஒரு வளைவு ஓடி, பாஸ் கிளம்பும்போது சரியாகச் சமமாக இருந்து, பிறகு உள்ளே பாய்வார். பத்தில் ஏழு தடவை லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவார். இன்சாகி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவரிடம் புலம்புவார், புலம்பிக்கொண்டே அடுத்த ஓட்டத்துக்குத் தயாராகிவிடுவார்.

இதில் காலத்தின் உதவியும் கொஞ்சம் உண்டு. 1990 வரை கடைசிக்கு முந்தைய எதிராளியோடு சமமாக நின்றாலே ஆஃப்சைடு. அந்த வருடம்தான் விதியை மாற்றி, சமமாக இருந்தால் பரவாயில்லை என்று ஆக்கினார்கள். இன்சாகி பெரியவர்கள் ஆட்டத்துக்குள் காலடி வைத்தது அதற்கு அடுத்த சீசனில். பழைய விதி இருந்திருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார் என்று சில சமயம் யோசிப்பேன். வேறு ஏதாவது சந்து கண்டுபிடித்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது, ஆனாலும் இந்த ஒரு அங்குலம் அவருக்காகவே அளந்து கொடுத்த மாதிரி இருக்கிறது.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம். 1973 ஆகஸ்ட் 9, வட இத்தாலியில் போ நதிக்கரையில் இருக்கிற பியாச்சென்ட்சா நகரம். உள்ளூர்க் கிளப்பிலேயே வளர்ந்தார், ஆனால் அங்கே உடனே இடம் கிடைக்கவில்லை. லெஃப்பே என்ற சின்ன ஊரின் மூன்றாம் பிரிவு அணிக்கு இரவலாக அனுப்பினார்கள். 21 ஆட்டம், 13 கோல். அடுத்த வருடம் வெரோனா, இரண்டாம் பிரிவு, மறுபடி 13. பிறகு சொந்த ஊருக்கே திரும்பி 1994-95இல் 15 கோல் அடித்து பியாச்சென்ட்சாவை முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டார். ஏற்றிவிட்டுப் போனது பார்மாவுக்கு, அங்கே சுத்தமாக எடுபடவில்லை. லீகில் 15 ஆட்டம், 2 கோல். இருபத்திரண்டு வயதில் பெரிய கிளப்பில் அப்படி ஒரு சீசன் போனால் பலருக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

1996இல் பெர்காமோ நகரத்தின் அட்டலான்டா அவரை எடுத்தது. பயிற்சியாளர் எமிலியானோ மொண்டோனிகோ. அந்த வருடம் 33 ஆட்டங்களில் 24 கோல், இத்தாலியிலேயே அதிகம். அட்டலான்டா பட்டத்துக்குப் போட்டியிடுகிற அணியே அல்ல, நடுவில் கிடக்கிற அணி. இவ்வளவுக்கும் அதே ஆள்தான், அதே ஓட்டம்தான். பார்மாவில் கிடைக்காத பாஸ் இங்கே கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இன்சாகி மாதிரியான ஆட்டக்காரருக்கு இது ஒரு சாபம்: தானாக எதையும் உருவாக்க முடியாது, யாராவது அந்த ஓட்டத்தைக் கவனித்துப் பந்தைப் போட வேண்டும். கவனிக்கிற ஆள் இல்லாவிட்டால் தொண்ணூறு நிமிடமும் வீண்.

அடுத்துப் போன யுவென்டஸில் கவனிக்கிற ஆட்கள் இருந்தார்கள், அதுவும் எப்படிப்பட்ட ஆட்கள், ஜிடானும் டெல் பியேரோவும். முதல் சீசனிலேயே, 1997-98இல், லீகில் 18 கோல் அடித்துப் பட்டம். அந்த சீசன் மார்ச்சில், ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில், கீவ் நகரத்துக்குப் போய் டைனமோவை 4-1 என்று வென்ற ஆட்டத்தில் மூன்று கோல் இவருடையது, எதிரணியில் ஷெவ்செங்கோ என்ற பையன் இருந்தான், அவனோடு பின்னால் மிலனில் ஜோடி சேர்வார். 1999இல் அதே போட்டியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான அரையிறுதியில் டூரினில் பதினோரு நிமிடத்துக்குள் இரண்டு கோல், ஆனாலும் யுனைடெட் 3-2 என்று திருப்பிக்கொண்டு போனது. நான்கு வருடத்தில் எல்லாமாக 165 ஆட்டம், 89 கோல்.

யுவென்டஸ் காலத்தைப் பற்றிப் பேசினால் பெருஜியாவைச் சொல்லாமல் போக முடியாது. 2000 மே 14, லீகின் கடைசி நாள். யுவென்டஸ் 71 புள்ளி, லாசியோ 69. யுவென்டஸ் பெருஜியாவை வென்றால் முடிந்தது. முதல் பாதி கோல் இல்லாமல் முடிந்தது, இடைவேளையில் வானம் உடைந்து ஊற்றியது. மைதானம் குளம். நடுவர் கொல்லினா குடையோடு இறங்கிப் பந்தைப் போட்டுப் பார்க்கிறார், பந்து தண்ணீரில் நிற்கிறது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிறுத்திவைத்து, பிறகு தொடங்கினார்கள். கலோரி என்ற பெருஜியா டிஃபென்டர் ஒரு கோல் போட்டார், 1-0, யுவென்டஸ் தோற்றது. ரோமில் லாசியோ அதற்கு முன்பே ரெஜ்ஜினாவை 3-0 என்று வென்று முடித்துவிட்டு, பெருஜியாவில் என்ன ஆகிறது என்று காத்துக்கொண்டிருந்தது. அந்த மூன்றில் ஒரு கோல் சிமோனே இன்சாகியுடையது. ஆமாம், தம்பி. 1976இல் பிறந்தவர், அண்ணன் மாதிரியே பியாச்சென்ட்சாவில் தொடங்கி அங்கே இங்கே இரவல் போய் லாசியோவுக்கு வந்தவர். அண்ணன் சேற்றில் நிற்கிறார், தம்பி சாம்பியன். அந்த வீட்டில் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் யார் முகத்தைப் பார்த்து யார் என்ன பேசியிருப்பார்களோ.

2001இல் மிலனுக்கு மாறினார். நாம் நினைவில் வைத்திருக்கிற இன்சாகி இந்த இன்சாகிதான், சிவப்பு கறுப்புச் சட்டை, முதுகில் 9. 2002-03 சாம்பியன்ஸ் லீகில் லா கொருனியா ஊரில் டெபோர்டிவோவை 4-0 என்று அடித்தபோது மூன்று கோல். அதே சீசனின் காலிறுதியில் அயாக்ஸோடு நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதல் ஆட்டம் 0-0. மிலனில் நடந்த இரண்டாம் ஆட்டம் கடைசி நிமிடம் வரை 2-2, அப்படியே முடிந்தால் வெளியூரில் அதிகக் கோல் அடித்த அணி முன்னேறும் என்ற அன்றைய கணக்கில் மிலன் வெளியே. மால்டினி நீளமாக ஒன்றைத் தூக்கிப் போடுகிறார், அம்ப்ரோசினி தலையால் தள்ளுகிறார், இன்சாகி எங்கிருந்தோ முளைத்து வெளியே ஓடிவந்த கோல்கீப்பரின் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிவிடுகிறார். பந்து கோலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் சக ஆட்டக்காரர் தோமாசன் வந்து ஒரு தட்டு தட்டிவிட்டார்! கோல் தோமாசன் பெயரில். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் சமைத்ததைக் கடைசி நொடியில் வந்து வழித்துக்கொண்டு போனவருக்கு, அவர் சமைத்ததை இன்னொருத்தர் எடுத்துக்கொண்டார். இறுதி ஆட்டம் ஓல்ட் டிராஃபோர்டில், எதிரி அவருடைய பழைய யுவென்டஸே, 0-0 ஆகி பெனால்டியில் மிலன் வென்றது.

அப்புறம் இருட்டு. முழங்கால், கணுக்கால், அறுவை, திரும்பி வருதல், மறுபடி காயம். 2003-04, 2004-05 இரண்டு லீக் சீசனும் சேர்த்து 3 கோல், இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை. 2005 மே மாதம் இஸ்தான்புல்லில் லிவர்பூலுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில், மிலன் 3-0 என்று முன்னிலையில் இருந்து 3-3 ஆகி பெனால்டியில் தோற்ற அந்தப் புகழ்பெற்ற ராத்திரியில், இன்சாகி மைதானத்தில் இல்லை, மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையிலும் இல்லை. முப்பத்திரண்டை நெருங்குகிறார். முழங்கால் போன, வேகம் போன, அதற்கு முன்பும் பெரிய வேகம் எதுவும் இல்லாத ஒரு ஸ்ட்ரைக்கர். இந்த இடத்தில் ஓய்வு அறிவித்திருந்தால் நல்ல வாழ்க்கை என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம்.

வேகம் அவருடைய சரக்கே இல்லை என்பதுதான் அவரைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். அரை நொடி முன்னால் கிளம்புகிறவனுக்கு அரை நொடி வேகம் குறைந்தாலும் கணக்கு சரியாகிவிடும். உடம்பையும் அவர் பார்த்துக்கொண்ட விதம் வேறு மாதிரி. எதுவும் சேர்க்காத வெறும் பாஸ்தா, ப்ரெசாவோலா என்ற உலர்த்திய மாட்டிறைச்சி, மறுநாளும் அதே பாஸ்தா, அதே ப்ரெசாவோலா. மிலனில் கூட ஆடியவர்கள் எல்லாரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். 2005-06இல் திரும்பி வந்து லீகில் 12 கோல் அடித்தார். ஏப்ரலில் லியோனுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் 88ஆவது நிமிடம், மிலன் வெளியேறப்போகிற நேரம், ஷெவ்செங்கோ அடித்த பந்து ஒரு கம்பத்தில் பட்டு, கோட்டை ஒட்டியே உருண்டு போய் இன்னொரு கம்பத்திலும் பட்டுத் திரும்பியது. அது திரும்பிய இடத்தில் யார் நின்றிருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா. அந்தக் கோலை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம், பந்து முதல் கம்பத்தில் படும்போதே அவர் இரண்டாம் கம்பத்துப் பக்கம் ஓடத் தொடங்கியிருப்பார். மற்ற எல்லாரும் பந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கோடையில் உலகக் கோப்பை. இத்தாலி ஏழு ஆட்டம் ஆடிக் கோப்பை வென்றது, இன்சாகி ஆடியது ஒரே ஆட்டத்தில் அரை மணி நேரம். ஹாம்பர்க், ஜூன் 22, செக் குடியரசு. நமக்கு அது சாயங்காலம் ஏழரை மணி ஆட்டம், தூக்கம் கெடாமல் பார்க்கக் கிடைத்த ஆட்டங்களில் ஒன்று. முதல் கோல் மாத்தெராட்சி தலையால் அடித்தது (பிற்பாடு சென்னையின் எஃப்சிக்குப் பயிற்சியாளராக வந்து 2015இல் கோப்பை வாங்கிக் கொடுத்தாரே, அதே மாத்தெராட்சி). 87ஆவது நிமிடம் இன்சாகி தனியாகப் பந்தோடு கோலை நோக்கிப் போகிறார். பக்கத்திலேயே சக ஆட்டக்காரர் பரோனே, யாருமே தொடாத இடத்தில், காலியான கோல் எதிரே, கையைக் காட்டிக்கொண்டு கூடவே ஓடி வருகிறார். ஒரு சின்னப் பாஸ் கொடுத்தால் பரோனே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ள ஒரு உலகக் கோப்பை கோல். இன்சாகி அந்தப் பக்கம் பார்த்ததாகவே தெரியவில்லை. கோல்கீப்பர் பீட்டர் செக்கைச் சுற்றிக்கொண்டு போய்த் தானே உள்ளே தள்ளினார். தள்ளிவிட்டுக் கொண்டாடினார் பாருங்கள், ஏதோ இறுதி ஆட்டத்தின் கடைசி நொடி மாதிரி. பரோனேவும் வந்து கட்டிக்கொண்டார், வேறு என்ன செய்வது.

சுயநலம் என்று பலர் அதைச் சொல்கிறார்கள், சுயநலம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே இன்சாகிதான் 1998 உலகக் கோப்பையில் ஆஸ்திரியாவோடு ஆடியபோது கடைசி நேரத்தில் தன் காலில் வந்ததை பாஜியோவுக்குக் கொடுத்து கோல் போட வைத்தவர். யுவென்டஸில் டெல் பியேரோவுக்குக் கொடுக்காமல் தானே அடித்தார், இருவருக்கும் ஆகவில்லை என்று இத்தாலியப் பத்திரிகைகள் நிறைய எழுதின. கோல் அடிப்பதில்தான் இந்த மனிதருக்கு உயிர். 5-0 ஆட்டத்தின் ஐந்தாவது கோல் என்றாலும், கோட்டிலிருந்து ஒரு அடி தூரத்தில் தொட்ட கோல் என்றாலும், அதே கத்தல், அதே விரித்த கை, அதே வெறி. நாகரிகமாகக் கையைக் குலுக்கிவிட்டு நடந்து போகிற ஸ்ட்ரைக்கர்களை நான் மதிக்கிறேன், ஆனால் எனக்குப் பிடித்தது இவரைத்தான்.

2007க்கு வருகிறேன். அந்த சீசன் லீகில் இன்சாகி 20 ஆட்டம் ஆடி 2 கோல். இரண்டு! மிலனின் இன்னொரு ஸ்ட்ரைக்கர் ஜிலார்தினோ இளைஞர், அதிகக் கோல் அடித்திருக்கிறார். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் ஏதென்ஸில், மறுபடி லிவர்பூல். ஜிலார்தினோதான் தொடங்குவார் என்று எதிர்பார்த்தவர்கள் நிறையப் பேர். பயிற்சியாளர் அன்செலோட்டி முப்பத்துமூன்று வயது இன்சாகியைப் போட்டார். காலிறுதியில் மியூனிக்கில் பயர்னுக்கு எதிராக ஒரு கோல் அடித்திருந்தார், அது ஆஃப்சைடா இல்லையா என்று பயர்ன் ரசிகர்கள் இன்றும் கேட்பார்கள், வேறு யார் அடித்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்கள்.

நமக்கு நள்ளிரவு பன்னிரண்டே கால். வீட்டில் எல்லாரும் தூங்க, சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு பார்க்கிற ஆட்டம். முதல் பாதி முடியப்போகிறது, பிர்லோ ஃப்ரீகிக் அடிக்கிறார், பந்து சுவரைத் தாண்டி வந்து இன்சாகியின் மேற்கையிலும் மார்பிலும் பட்டுத் திசை மாறி, லிவர்பூல் கோல்கீப்பர் ரெய்னா பாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ளே போகிறது. வர்ணனையாளர்களுக்கு அது யாருடைய கோல் என்று சொல்லவே சில நொடி பிடித்தது. இன்சாகிக்கு சந்தேகமே இல்லை, மூலைக் கொடியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். எல்லாரும் அதை அதிர்ஷ்டம் என்கிறார்கள். பந்து வந்து பட்டது அதிர்ஷ்டமாக இருக்கலாம், பந்து வந்து படக்கூடிய ஒரே இடத்தில் நின்றதற்கு என்ன பெயர் வைப்பது?

இரண்டாவது கோல் 82ஆவது நிமிடம், அதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. காகா நடுவில் பந்தை வாங்கித் தலையைத் தூக்குகிறார். இன்சாகி லிவர்பூல் டிஃபென்டர்கள் இருவருக்கும் நடுவில் கோட்டின் மேலேயே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருக்கிறார், இன்னும் போகவில்லை, இன்னும் போகவில்லை, காகாவின் கால் பந்தில் பட்டதும் போகிறார். லைன்ஸ்மேன் கொடி கீழேயே இருக்கிறது. ரெய்னாவைச் சுற்றிக்கொண்டு போனதில் பந்து கொஞ்சம் ஓரமாகப் போய்விட்டது, கோணம் குறுகிவிட்டது, அங்கிருந்து மெதுவாக, நிஜமாகவே மெதுவாக, தரையோடு உள்ளே உருட்டினார். நான் கண்ட இறுதி ஆட்டக் கோல்களில் இதைவிட அழகானவை உண்டு, இதைவிடப் பொறுமையானது கிடையாது. லிவர்பூலின் கைட் பின்னர் ஒன்றைத் திருப்பினார், ஆட்டம் 2-1. அதே வருடம் ஆகஸ்டில் சூப்பர் கோப்பையில் செவில்லாவுக்கு எதிராக ஒரு கோல், டிசம்பரில் யோகோஹாமாவில் கிளப் உலகக் கோப்பை இறுதியில் போகா ஜூனியர்ஸுக்கு எதிராக இரண்டு. ஒரே வருடத்தில் மூன்று இறுதி ஆட்டம், ஐந்து கோல், லீகில் இரண்டே கோல் அடித்த ஆள்.

2010 நவம்பர் 3 பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் மிலன் ரசிகர்கள் என்னை விடமாட்டார்கள். மொரின்யோவின் ரியல் மாட்ரிட் வந்திருக்கிறது, 1-0 முன்னிலை. ஒரு மணி நேரம் ஆனதும் ரொனால்டினோவை எடுத்துவிட்டு முப்பத்தேழு வயது இன்சாகியை இறக்கினார்கள். 68ஆவது நிமிடம் இப்ராஹிமோவிச் போட்ட பந்தில் மாட்ரிட் தடுமாற, தலையால் ஒன்று. 78இல் கத்தூசோ கொடுத்ததில் இன்னொன்று, இது ஆஃப்சைடு, நன்றாகவே ஆஃப்சைடு, நான் மிலன் பக்கம் நின்றுகொண்டே சொல்கிறேன். பெட்ரோ லியோன் கடைசி நொடியில் 2-2 ஆக்கினார். ஒரு வாரத்தில் பலேர்மோவோடு ஆடும்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த வயதில் அப்படிக் கிழிந்தால் முடிவு என்று அர்த்தம். அவர் மே மாதம் மறுபடி வந்து ஆடினார், மிலன் அந்த வருடம் லீக் சாம்பியன்.

இப்போதைய வீடியோ நடுவர் முறை அன்று இருந்திருந்தால் இன்சாகி இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாட்ரிட் கோல் போயிருக்கும், அது மாதிரி இன்னும் சில போயிருக்கும். ஆனால் சரியாகச் சமமாக நின்றும் கொடி தூக்கப்பட்ட ஓட்டங்கள் எத்தனை? இன்சாகி என்ற பெயருக்கே கொடி தூக்கிய லைன்ஸ்மேன்கள் உண்டு. அவற்றில் பாதியாவது திரும்பி வந்திருக்கும். தவிர, இன்று பெரிய அணிகளின் டிஃபென்டர்கள் நடுக்கோட்டை ஒட்டி நிற்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் நாற்பது மீட்டர் காலி. அந்த இடத்தை அவர் கண்ணால் பார்த்தாலே போதும். இன்று அவருக்கு வேலை கிடைக்காது என்றால் அதற்குக் காரணம் வேறு: இன்றைய ஸ்ட்ரைக்கர் பந்து எதிரணியிடம் இருக்கும்போது முதல் ஆளாக ஓடித் துரத்த வேண்டும், கீழே இறங்கி வந்து மிட்ஃபீல்டரோடு பாஸ் ஆட வேண்டும். இன்சாகியை அதற்குக் கூப்பிட்டிருந்தால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, திரும்பிக் கோட்டுக்குப் போய் நின்றிருப்பார்.

கடைசி வருடம் கசப்பானது. பயிற்சியாளர் அல்லெக்ரி அவரை சாம்பியன்ஸ் லீக் பட்டியலில் சேர்க்கவில்லை. ஐரோப்பியப் போட்டிகளில் எழுபது கோல் அடித்தவரை, அந்தப் போட்டிக்காகவே பிறந்தவரை. நியாயமாகப் பார்த்தால் முப்பத்தெட்டு வயது ஆளை விட்டுவிடுவது சரியான முடிவுதான், ஆனால் அன்று எனக்கு நியாயம் பார்க்கத் தோன்றவில்லை. 2012 மே 13, சான் சீரோ, நொவாரா என்ற கீழிறங்கப்போகிற அணியோடு கடைசி ஆட்டம். நெஸ்தா, கத்தூசோ, சீடார்ஃப், இன்சாகி என்று ஒரு தலைமுறையே அன்று விடைபெற்றது. நொவாரா முன்னிலை எடுத்தது, ஃப்ளமினி சமன் செய்தார். 67ஆவது நிமிடம் இன்சாகி இறங்கினார். 82இல் சீடார்ஃப் டிஃபென்டர்களின் தலைக்கு மேல் தூக்கிப் போட, கோட்டிலிருந்து கிளம்பி, மார்பில் வாங்கி, காலால் ஒரே அடி. 2-1. பந்தை வாங்கி நிறுத்தத் தெரியாது என்று முதல் பத்தியில் எழுதினேன் அல்லவா, அன்று மட்டும் தெரிந்தது.

பயிற்சியாளராக அவர் கதை தலைகீழ். மிலன் இளைஞர் அணியில் நன்றாகச் செய்தார் என்று 2014இல் முதல் அணியையே கொடுத்துவிட்டார்கள், பத்தாவது இடம், ஒரே வருடத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய பெயர் உள்ளவர்கள் பலர் இந்த இடத்தில் டிவியில் உட்கார்ந்து கருத்துச் சொல்லப் போய்விடுவார்கள். இவர் மூன்றாம் பிரிவு வெனிசியாவுக்குப் போனார், இரண்டாம் பிரிவுக்கு ஏற்றினார். பொலோஞாவில் பாதி சீசனில் வேலை போனது. பெனெவெந்தோவை 2020இல் ஏழு ஆட்டம் மிச்சமிருக்கும்போதே முதல் பிரிவுக்கு ஏற்றினார், மறுவருடம் அதே அணி கீழே இறங்கியது, இடையில் டூரினுக்குப் போய் யுவென்டஸை 1-0 என்று வென்றார்கள். பிரேஷா, ரெஜ்ஜினா, சலெர்னிதானா என்று அலைந்து, 2024-25இல் பீசாவை 34 வருடத்துக்குப் பிறகு சீரி ஆவுக்குக் கொண்டுவந்தார்.

தம்பி சிமோனே இதற்குள் மிலனின் பரம எதிரியான, அதே நகரத்து இன்டர் அணியோடு 2024இல் லீக் பட்டம், இரண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் என்று வேறு உயரத்துக்குப் போய்விட்டார். ஆட்டக்காரராக அண்ணன் நிழலில் இருந்தவர், பயிற்சியாளராக அண்ணனைத் தாண்டிவிட்டார். ஆனால் அந்த இரண்டு இறுதியிலும் இன்டர் தோற்றது, ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அணியின் வரிசையில் இன்சாகி என்று ஒருத்தர் இருந்திருந்தால் என்று நினைக்காத மிலன் ரசிகர் இருக்க முடியாது, நாங்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை.

பிப்போ, அதாவது நம் பிலிப்போ? பீசாவை முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டு, அங்கே இருந்து சீரி ஆவில் பயிற்சி கொடுத்திருக்கலாம். அந்தக் கோடையிலேயே கிளம்பி பலேர்மோவுக்குப் போய்விட்டார். பலேர்மோ அப்போது சீரி பி, இரண்டாம் பிரிவு.